குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய் சிகிச்சைக்கு வழி திறந்த சுப்பாராவ்

குழந்தைகளைத் தாக்கும் ரத்தப் புற்றுநோயை முதன்முதலாகத் தணித்த மருந்தை உருவாக்கிய ஆய்வுக் குழுவின் தலைவர், சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற எல்லாப்பிரகடா சுப்பாராவ் ஆவார்.

அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த பீமவரத்தில் 1895 ஜனவரி 12-ஆம் தேதி பிறந்த அவர், சிறு வயதிலேயே தந்தையை இழந்தார். மெட்ரிகுலேஷன் தேர்வில் இரு முறை தோல்வியுற்று, மூன்றாம் முறை திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் பயின்று தேறினார். மருத்துவக் கல்லூரியில் கதர் அணிந்து வந்ததால் ஆங்கிலேயப் பேராசிரியரின் அதிருப்திக்கு ஆளானார், எம்.பி.பி.எஸ். பட்டத்திற்குப் பதிலாக அதனினும் குறைந்த எல்.எம்.எஸ். சான்றே அவருக்குக் கிடைத்தது. ரத்தசோகையை உண்டாக்கும் ஸ்ப்ரூ என்னும் குடல் நோய்க்குச் சகோதரரையும் பறிகொடுத்தார்.

சென்னை ஆயுர்வேதக் கல்லூரியில் கற்பித்தபின், அமெரிக்கா சென்றார். மருத்துவமனையில் இரவுப் பணியாளராக வேலை பார்த்துக்கொண்டே ஹார்வர்டில் படித்தார். உடலில் பாஸ்பரஸை அளவிடும் முறையை ஃபிஸ்க் என்பவருடன் இணைந்து 1925-ல் வெளியிட்டார். அங்கு நிரந்தரப் பதவி கிட்டாத நிலையில், 1940-ல் லெடர்லி மருந்து நிறுவனத்தில் சேர்ந்தார்.

அங்கு அவரது குழு ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாகத் தயாரித்தது. ஸ்ப்ரூ நோயினால் வரும் ரத்தசோகைக்கு அது மருந்தாயிற்று. ஆனால், பாஸ்டன் மருத்துவர் சிட்னி ஃபார்பர் அவ்வகைப் பொருளை ரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தைகளுக்கு அளித்தபோது, நோய் விரைவடைவதாகத் தெரிந்தது.

கிருமிகளை எதிர்க்க வேண்டிய வெள்ளை அணுக்கள், முதிர்ச்சி பெறாமலேயே எலும்பு மஜ்ஜையில் கட்டுக்கடங்காமல் பெருகுவதே இந்நோய். அவை பிளவுபட்டுப் பெருக ஃபோலிக் அமிலம் தேவை. ஆகவே, அதே அமிலத்தைப் போல் தோற்றமளித்து, அதன் பணியைத் தடுக்கும் அமினோப்டெரினை சுப்பாராவின் குழு உருவாக்கி வழங்கியது. அம்மருந்து பெற்ற 16 குழந்தைகளில் 10 பேருக்கு நோய் தற்காலிகமாகத் தணிந்ததாக ஃபார்பர் 1948 ஜூனில் அறிவித்தார். மருந்தினால் இந்நோயை அடக்க முடியும் என்பது அதன்மூலம் புலனாயிற்று.

அதற்கு இரண்டு மாதங்களுக்குப் பின், 1948 ஆகஸ்டில், தமது 53-ஆம் வயதில் சுப்பாராவ் காலமானார். இறுதிவரை அவர் அமெரிக்கக் குடியுரிமை பெறவில்லை. அவரது நூற்றாண்டையொட்டி 1995-ல் இந்திய அரசு அஞ்சல்தலை வெளியிட்டது.

அமினோப்டெரினைத் தொடர்ந்து அவரது குழுவில் உருவான மெத்தோட்ரெக்சேட், குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்கு இன்றும் வழங்கப்படுகிறது. எதிர்ப்பு அணுக்கள் உடலையே தாக்கும் முடக்குவாத நோய்க்கும் அதுவே முக்கிய மருந்தாக விளங்குகிறது.