தீப்புண்ணைத் தரம் பிரித்த வில்ஹெல்ம் ஃபாப்ரி

அரசர்கள், அறிஞர்கள், ஞானிகள் ஆகியோரின் வரலாறுகளை நாம் விரும்பிப் படிக்கிறோம். இம்முறை ஒரு ரண வைத்தியரின் வரலாற்றைச் சொல்கிறேன். அடுப்பையும் எண்ணெயையும் கொதிநீரையும் நம்பிப் பிழைக்கும் கடைக்காரர்களாகிய நாம் அவசியம் அறிய வேண்டியவர் அவர். அதற்குக் காரணம் உண்டு.

சில வருஷங்களுக்கு முன், பிரிக்பீல்ட்ஸில் என் கடையில், ஒரே காலை நேரத்தில் இருவருக்குச் சூடுபட்டது. தேத்தண்ணீர் கலக்கும் தம்பியின் காலில் கொதிநீர் சிந்திவிட்டது. ரொட்டி போடுகிறவர் பதறித் திரும்பும்போது வழுக்கி, உள்ளங்கையைக் காய்ந்த கல்லில் ஊன்றிவிட்டார். தம்பி போட்ட அலறலில் கடையே கூடிவிட்டது. மற்றவரோ அவ்வளவாக வலிக்கவில்லையென்று சொல்லிக் கையைத் துணியில் சுற்றிக்கொண்டார். நான் தம்பியைக் கிளினிக்குக்கு அழைத்துக்கொண்டு ஓடினேன். கால் இரண்டு வாரத்தில் ஆறிற்று. கையோ வெளுத்துத் தடித்து, தோல் ஒட்டும் சிகிச்சை வரை போயிற்று. இரண்டு விரல்கள் இன்றும் முழுதாக நிமிர்வதில்லை. அலறலைக் கொண்டு புண்ணை அளந்தது என் தவறு. அத்தவறு நேராமலிருக்க வழிகாட்டியவர்தாம் வில்ஹெல்ம் ஃபாப்ரி.

ஃபாப்ரி 1560ஆம் ஆண்டில், ஜெர்மனியில் டுஸல்டோர்ஃப் நகருக்கருகே ஹில்டன் என்னும் சிற்றூரில் பிறந்தார். அவ்வூரின் பெயரால் ஹில்டானுஸ் என்றும் அழைக்கப்பட்டார். அவர் பல்கலைக்கழகத்தில் படித்துப் பட்டம் பெற்றவரல்லர். அக்காலத்து ஐரோப்பாவில் பட்டம் பெற்ற வைத்தியர்கள் நாடி பார்ப்பார்கள், மருந்து சொல்வார்கள், கத்தியைத் தொடமாட்டார்கள். புண் கட்டுவதும் அறுப்பதும் நாவிதர் தொழிலாக இருந்தது. நம் ஊர்களில் ஒஸ்தாமார்கள் முடி வெட்டியதோடு சுன்னத்தும் செய்துவந்ததை நினைத்துப் பார்த்தால் இது எளிதில் விளங்கும். அத்தகைய தொழிலைத்தான் ஃபாப்ரி உஸ்தாதுகளிடம் பணிந்து கற்றார். பிறகு ஜெனீவா சென்று மேலும் தேர்ந்தார்.

அங்கே 1587இல் மேரி கோலினே என்ற பெண்மணியை மணந்தார். அவர் கைதேர்ந்த மருத்துவச்சி. கணவரோடு சேர்ந்து வைத்தியமும் பார்த்தார். 1624இல் ஒருவருடைய கண்ணில் தைத்த இரும்புத் துணுக்கை எடுக்க வழியின்றி ஃபாப்ரி திகைத்தபோது, காந்தத்தால் இழுக்கலாமென்ற யோசனையைக் கொடுத்தவர் அந்த அம்மையாரே. அப்பெருமை தம் மனைவிக்கே உரியதென்று ஃபாப்ரி எழுதிவைத்தார்.

ஃபாப்ரி தாம் கண்ட நோயாளிகளைப் பற்றிக் குறிப்பு எழுதும் வழக்கமுடையவர். நாம் பேரேடு எழுதுவதைப் போல, வந்தது என்ன, செய்தது என்ன, முடிந்தது என்ன என்று பதிந்துகொண்டே வந்தார். அப்படிச் சேர்ந்தவை சுமார் 600. அந்தப் பழக்கத்தின் பயனாக 1607இல் பாஸல் நகரில், தீப்புண்களைப் பற்றி மட்டுமே பேசும் ஒரு நூலை வெளியிட்டார். அதில் தீப்புண்ணை மூன்று படிகளாகப் பிரித்தார். தோல் சிவந்து கொப்புளிப்பது முதற்படி. கருகாமல் தோல் வாடிச் சுருங்குவது இரண்டாம் படி. கருகிப் பொருக்குத் தட்டுவது மூன்றாம் படி. புண்ணின் தோற்றத்தைக் கொண்டு ஆழத்தை அறியலாம் என்பதே இதன் சாரம். சுட்டபின் மடங்கிப்போன விரல்களை நிமிர்த்துவதற்கும் அவர் முறை வகுத்தார்.

1832இல் பிரான்சு நாட்டு துப்புய்த்ரேன் ஆறு படிகளாக விரித்தார். இன்றைய வைத்தியர்களின் பிரிவும் ஃபாப்ரி இட்ட அஸ்திவாரத்தின் மேல்தான் நிற்கிறது. கொப்புளத்தை மட்டும் இப்போது இரண்டாம் படியில் வைக்கிறார்கள். சிவந்து, உலர்ந்து, எரிந்தால் அது மேல்தோலோடு நின்றது. ஒரு வாரத்தில் ஆறும். நம்மைப் போன்ற கறுத்த மேனியில் சிவப்பு எளிதில் தெரியாது. பக்கத்துத் தோலோடு ஒப்பிட்டுச் சூட்டையும் நோவையும் பார்க்க வேண்டும். கொப்புளித்து, ஈரம் கசிந்து, கடுமையாக வலித்தால் அது அடுத்த படி. வெளுத்தோ பழுப்பாகவோ கருகியோ பதனிட்ட தோல்போலத் தடித்து, வலி குறைந்திருந்தால் அதுதான் பேராபத்து. உணர்ச்சி நரம்புகளே வெந்துபோனதால்தான் அங்கே வலியில்லை.

ஃபாப்ரியின் களிம்புகள் காலத்தோடு போயின. ஆனால் அவருக்கு 700 ஆண்டுகளுக்கு முன்னரே பாரசீகத்து ஹகீம் அர்ராஸி சொன்ன குளிர்ந்த நீர் நிலைத்துவிட்டது. சூடுபட்டவுடன் மோதிரம், கடிகாரம் முதலியவற்றைக் கழற்றி, குழாய்த் தண்ணீரில் 20 நிமிஷம் காட்ட வேண்டும். ஐஸ் கட்டி, பற்பசை, கிச்சாப், வெண்ணெய் எதுவும் ஆகாது. கொப்புளத்தை உடைக்கவும் கூடாது. பிறகு சுத்தமான துணியால் தளர மூட வேண்டும். புண் அடிபட்டவரின் கையளவை விடப் பெரிதானாலும், முகம், கை, பாதம், மூட்டு, மறைவிடம் இவற்றில் பட்டாலும், குழந்தையோ முதியவரோ ஆனாலும், மின்சாரத்தாலோ அமிலத்தாலோ நேர்ந்தாலும், வெளுத்தோ கருகியோ இருந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அவசரத்துக்கு 999.

ஃபாப்ரி 1615 முதல் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரத்து வைத்தியராக விளங்கி, 1634இல் அங்கேயே காலமானார். ஜெர்மானிய ரண வைத்தியத்தின் தந்தையென்று உலகம் அவரைப் போற்றுகிறது. பட்டமில்லாத மனிதர், கண்ணால் கூர்ந்து பார்த்ததைக் கணக்காக எழுதியதாலேயே இப்பெருமையை அடைந்தார்.

பெரிய படிப்பில்லாத நமக்கும் கண் இருக்கிறது. கிள்ளானிலும் கோலாலம்பூரிலும் நம் கடைகளில் நம்மை நம்பி உழைக்கும் பிள்ளைகள், முதலாளி கோபிப்பாரோ, சம்பளம் போகுமோ என்று வலியை மறைக்கக்கூடும். ஆகையால் சூடுபட்டவர் அழுகிறாரா என்று பாராமல், புண் எப்படியிருக்கிறதென்று பாருங்கள். முக்கியமாக, ஒன்றுமில்லையென்று சொல்கிறவரின் கையை முதலில் விரித்துப் பாருங்கள்.