கொகெய்ன் அடைக்கும் கதவைக் கண்டுபிடித்தவர்!

டாக்டருக்குப் படிக்கணும்கிறதுதான் ஜூலியஸ் ஆக்ஸல்ராடோட ஆசை. 1912-ல் நியூயார்க்கில், கூடை பின்னும் யூதக் குடும்பத்தில் பிறந்தவர். விண்ணப்பித்த மருத்துவக் கல்லூரிகள் எதுவுமே இடம் தரலை. லேப் வேலைக்குப் போனார். அங்கே அம்மோனியா பாட்டில் வெடித்து, இடது கண் பார்வை போச்சு. ஆனாலும் லேபை விடலை. 1955-ல், 40 வயசைத் தாண்டித்தான் பிஹெச்.டி வாங்கினார்.

நரம்பு செல்கள் சிக்னல் அனுப்ப, நார்அட்ரினலின் என்ற ரசாயனத்தை வெளியே விடும். வேலை முடிஞ்சதும் அது என்ன ஆகுது? என்சைம்கள் சிதைச்சிடும்னுதான் அப்போ நம்பினாங்க. கதிரியக்க அடையாளம் சேர்த்த நார்அட்ரினலினைப் பூனைகளுக்குச் செலுத்திப் பார்த்தார் ஆக்ஸல்ராட். நரம்பு செல்லே அதைத் திரும்ப உள்ளே இழுத்து, மறுபடி பயன்படுத்துறது தெரிஞ்சது.

கொகெய்ன் அந்த வாசலை அடைச்சிடுது. ரசாயனம் வெளியிலேயே தங்கி, உடம்பை விடாம உசுப்பும். படபடப்பு, எகிறும் ரத்த அழுத்தம் எல்லாம் அதனாலதான். ஆம்பெட்டமைன் ரூட்டே வேற. அதே வாசல் வழியா உள்ளே நுழைஞ்சு, செல்லில் இருக்கும் சரக்கை வெளியே தள்ளிடும்.

1970-ல் இன்னும் இருவரோடு சேர்ந்து நோபல் பரிசு பெற்றார். 2004-ல் மறைந்தார். மன அழுத்தத்துக்கு இன்னிக்கு டாக்டர்கள் எழுதித் தர்ற பல மாத்திரைகள் இந்த மாதிரி வாசல்களைக் குறிவைப்பவைதான். வழியைக் காட்டினவர், மெடிக்கல் சீட் கிடைக்காத அந்த மனுஷன்!