சார்ளி சப்ளின்: கதவடைக்கப்பட்ட கலைஞன்



எங்கட வருசப்பிறப்புக்கு ஓரிரு நாள் தள்ளி, ஏப்ரல் 16இல் வருவது சார்ளி சப்ளினின் பிறந்த நாள். தொப்பி, கைத்தடி, சின்ன மீசை, பெரிய சப்பாத்து என்றால் சின்னப் பிள்ளைக்கும் அவரைத் தெரியும். ஆனால் அவரும் ஒரு நாட்டின் வாசலில் மறிக்கப்பட்டவர் என்பது எங்கட சனத்தில் பலருக்குத் தெரியாது.

1889இல் லண்டனில் பிறந்தார். தகப்பன் குடியால் அழிந்தார். தாய்க்குச் சித்தம் கலங்கியது. 7 வயதில் தாயோடும் அண்ணன் சிட்னியோடும் ஏழைகள் விடுதிக்குப் போக நேர்ந்தது. பிறகு தாயிடமிருந்தும் பிரிக்கப்பட்டார். 1910இல் ஒரு நாடகக் குழுவோடு அமெரிக்கா போனார். 1914இல் திரைக்கு வந்து, சில வருசத்திலேயே உலகம் அறிந்த முகமானார். ஏறத்தாழ 40 வருசம் அங்கே வாழ்ந்தும் அந்நாட்டுக் குடியுரிமை எடுக்கவில்லை.

இரண்டாம் உலகப்போருக்குப் பின் அமெரிக்காவில் கம்யூனிஸ்ட் வேட்டை மும்முரமாகியது. சப்ளின் மேலும் சந்தேகம் விழுந்தது. 1952 செப்ரெம்பரில் மனைவி ஊனாவோடும் பிள்ளைகளோடும் லண்டனுக்குக் கப்பல் ஏறினார். கப்பல் நடுக்கடலில் போகும்போதே, அவர் திரும்பி வருவதற்கான அனுமதியை அமெரிக்க அரசு ரத்துச் செய்தது. 1953இல் சுவிற்சர்லாந்தின் வெவே நகருக்குப் பக்கத்தில் குடியேறினார்.

அந்தக் காயத்தில் பிறந்த படம்தான் 'எ கிங் இன் நியூயோர்க்'. லண்டனுக்கு அருகே எடுக்கப்பட்டு 1957இல் வெளிவந்தது. அமெரிக்கத் திரைகளுக்கு வர ஏறத்தாழ 15 வருசம் பிடித்தது. சப்ளின் படங்களில் அதிகம் பேசப்படாதது இது.

நாட்டை இழந்த அரசன் ஒருவன் நியூயோர்க்கில் வந்து இறங்குகிறான். அகதிகளை வரவேற்கும் அந்நாட்டின் பெருந்தன்மையைப் பத்திரிகைக்காரருக்குப் புகழ்ந்துகொண்டிருக்கும்போதே அவனுடைய விரல்களில் மை பூசிக் கைரேகை எடுக்கிறார்கள். கைரேகை குடுத்து வந்த எங்களுக்கு இந்தக் காட்சியை ஆரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. சிரிப்பும் வரும், தொண்டையும் அடைக்கும்.

படத்தின் உயிர் ஒரு சிறுவனிடம் இருக்கிறது. சப்ளினின் மகன் மைக்கல்தான் நடித்தவர். அப்போது வயது 10. நண்பர்களின் பேரைச் சொல்ல மறுத்ததால் சிறுவனின் தாய் தகப்பன் மறியலுக்குப் போகிறார்கள். அவர்களை மீட்க, கடைசியில் அந்தப் பிள்ளையே பேர்களைச் சொல்லிவிடுகிறான். பள்ளிக்கூடத் தலைமையாசிரியர் அவனை நாட்டுப்பற்றாளன் என்று மெச்சுகிறார். அவனோ தலை நிமிராமல் அழுகிறான். அரசன் அவனை அணைத்துத் தேற்றுகிறான்.

காட்டிக் கொடுத்தவன் என்ற சொல் எங்கட மண்ணில் எத்தனை குடும்பங்களைத் தின்றது! சப்ளின் அந்தப் பிள்ளையைக் குற்றவாளி ஆக்கவில்லை. ஒரு பிள்ளையை அந்த நிலைக்குத் தள்ளிய பயத்தைத்தான் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறார். சின்ன வயதில் தாயைப் பிரிந்து தவித்தவருக்குப் பிள்ளையின் மனம் தெரியாதா?

1972இல், 82 வயதில், ஒஸ்கார் சிறப்புப் பரிசுக்காக அமெரிக்கா அவரை அழைத்தது. சபை எழுந்து நின்று நெடுநேரம் கைதட்டியது. பரிசை வாங்கிக்கொண்டு அவர் சுவிசுக்கே திரும்பினார். 1977 நத்தார் தினத்தில் கண்மூடினார். வெவேக்கு அருகே அவர் வாழ்ந்த வீடு 2016இல் அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது.

இந்தப் புத்தாண்டு விடுமுறையில் பிள்ளைகளையும் பக்கத்தில் இருத்தி இந்தப் படத்தைப் பாருங்கோ. அந்தச் சிறுவன் ஏன் அழுகிறான் என்று அவர்கள் கேட்டால், எங்கட கதையையும் சொல்லுங்கோ.