வீட்டுக்குத் திரும்ப மறுத்த மகன்... அம்மாவின் கடைசி 12 மணி நேரத்தில் என்ன செய்தார்? ரமணர் - அழகம்மாள் கதை

பௌர்ணமி வந்தாலே தருமபுரி, அரூர் பக்கமிருந்து பஸ் ஏறி திருவண்ணாமலை கிரிவலம் போகிறவர்கள் ஏராளம். செங்கம் சாலையில் ரமணாசிரமத்தைத் தாண்டும்போது, பலர் உள்ளே போய்க் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வருவார்கள். அந்த ஆசிரமம் சரியாக அந்த இடத்தில் அமைந்ததற்கு ஒரு தாயின் மரணம்தான் காரணம் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

அப்பாவின் மரணம் எழுப்பிய கேள்வி

ரமணரின் இயற்பெயர் வேங்கடராமன். 1879 டிசம்பர் 30 அன்று, இன்றைய விருதுநகர் மாவட்டம் திருச்சுழியில் பிறந்தார். அப்பா சுந்தரமய்யர், அம்மா அழகம்மாள். 1892ல் அப்பா இறந்தபோது பையனுக்கு வயது 12. உடம்பு இங்கேயே கிடக்கிறதே, அப்பா மட்டும் எங்கே போனார் என்ற கேள்வி அப்போதே அவர் மனதில் விழுந்தது.

1896 ஜூலையில் மதுரையில் சித்தப்பா வீட்டு மாடியில் இருந்தபோது, திடீரென மரண பயம் பிடித்தது. பிணம் போலப் படுத்து, சாவது எது என்று தனக்குள்ளேயே தேடினார். அடுத்த சில வாரங்களில் வீட்டைவிட்டுக் கிளம்பி, செப்டம்பர் 1 அன்று திருவண்ணாமலை வந்து சேர்ந்தார். அதன் பிறகு அவர் ஊர் திரும்பவே இல்லை.

அழுத அம்மா, பேசாத மகன்

மகன் இருக்கும் இடம் தெரிந்து, 1898ல் மூத்த மகன் நாகசாமியுடன் அழகம்மாள் திருவண்ணாமலை வந்தார். பவழக்குன்றில் சடை விழுந்து, அழுக்கேறிக் கிடந்த மகனைப் பார்த்துக் கதறினார். பலகாரம் செய்து கொண்டுவந்து கொடுத்தார், நாள் கணக்கில் கெஞ்சினார். ரமணர் வாயே திறக்கவில்லை. அருகில் இருந்தவர் காகிதமும் பென்சிலும் கொடுக்க, நடப்பது விதிப்படிதான் நடக்கும் என்ற பொருளில் எழுதிக் கொடுத்தார். அவ்வளவுதான். அம்மா வெறுங்கையோடு ஊர் திரும்பினார்.

1900ல் நாகசாமியும் இறந்துபோனார். கணவர் இல்லை, மூத்த மகன் இல்லை, இரண்டாவது மகன் சாமியார். அழகம்மாளின் நிலையை யோசித்துப் பார்த்தால், அந்த மறுப்பு எவ்வளவு வலித்திருக்கும் என்று புரியும்.

1914ல் வந்த காய்ச்சல்

1914ல் மகனைப் பார்க்க வந்த இடத்தில் அழகம்மாளுக்குக் கடும் காய்ச்சல் கண்டது. விதிப்படி நடக்கும் என்று எழுதிய அதே மகன், இப்போது அம்மாவைக் காப்பாற்றச் சொல்லி அருணாசலத்திடம் வேண்டி நான்கு பாடல்கள் எழுதினார். தமக்கென்று எதுவும் கேட்காதவர் அம்மாவுக்காகக் கேட்டார். அம்மாவும் பிழைத்தார்.

1916ல் அழகம்மாள் மகனோடே தங்கிவிட முடிவு செய்து வந்துவிட்டார். அம்மா வந்தால் ரமணர் வேறு எங்காவது போய்விடுவாரோ என்று அன்பர்கள் சிலர் பயந்தார்கள். அவர் போகவில்லை. அதே ஆண்டு எல்லோரும் விருபாட்சி குகையிலிருந்து கந்தாசிரமத்துக்கு இடம் மாறினார்கள். பிச்சை உணவில் ஓடிக்கொண்டிருந்த இடத்தில், அம்மா வந்து அடுப்பு மூட்டினார்.

அதற்காக ரமணர் செல்லம் கொடுத்தார் என்று நினைக்க வேண்டாம். மற்றவர்களிடம் பேசுவார், அம்மாவிடம் பேசமாட்டார். எல்லாப் பெண்களும் தனக்கு அம்மாதான் என்பார். வெங்காயம், முருங்கைக்காய் விஷயத்தில் அம்மா பார்த்த ஆசாரத்தைக் கிண்டல் செய்வார். கண்டிப்பு மாதிரித் தெரிந்தாலும், என் பிள்ளை என்ற பிடி கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்தது அப்படித்தான்.

1922 மே 19: அன்று நடந்தது என்ன?

அன்று காலையிலேயே முடிவு நெருங்கிவிட்டது தெரிந்தது. ரமணர் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தார். வலது கையை மார்பிலும், இடது கையை தலையிலும் வைத்தார். சுற்றி இருந்தவர்கள் வேதமும் ராம நாமமும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். மூச்சு வாங்கியது. நேரம் போய்க்கொண்டே இருந்தது. ரமணர் கையை எடுக்கவில்லை. இரவு 8 மணி அளவில் உயிர் அடங்கியது. ஏறக்குறைய 12 மணி நேரம்!

அவசரப்படாததற்கு ஒரு காரணம் இருந்தது. தொண்டர் பழனிசாமியின் கடைசி நேரத்திலும் ரமணர் இப்படிக் கை வைத்திருந்தார். எல்லாம் அடங்கிவிட்டது என்று கொஞ்சம் முன்னதாகவே எடுத்துவிட்டதாக அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். அம்மா விஷயத்தில் முழுவதும் அடங்கும்வரை காத்திருந்தார். மிச்சமிருந்த ஆசைகளும் நினைவுகளும் ஒவ்வொன்றாக எழுந்து ஒடுங்கின என்பது அவர் தந்த விளக்கம்.

அம்மா போன பிறகு ரமணர் அழவில்லை. தீட்டு இல்லை, சாப்பிடலாம் என்று சொல்லி மற்றவர்களோடு உணவருந்தினார். ஞானம் பெற்ற பெண்ணின் உடலை எரிக்கத் தேவையில்லை என்று 1917லேயே அவர் சொல்லியிருந்தார். அதன்படி மறுநாள் மலையின் தெற்கு அடிவாரத்தில், பாலி தீர்த்தம் அருகே அழகம்மாளுக்குச் சமாதி வைக்கப்பட்டது.

சமாதி, ஆசிரமமானது எப்படி?

ரமணர் கந்தாசிரமத்திலிருந்து தினமும் சமாதிக்கு இறங்கி வருவார். 1922 டிசம்பரில் ஒருநாள் வந்தவர், மேலே திரும்பாமல் அங்கேயே தங்கிவிட்டார். ஒரு காலத்தில் அம்மா கூப்பிட்டும் போகாதவர், கடைசியில் அம்மா இருந்த இடத்துக்கே வந்துவிட்டார். சுற்றி வளர்ந்ததுதான் ரமணாசிரமம்.

சமாதி மேல் எழுந்த மாத்ருபூதேஸ்வரர் கோயிலுக்கு 1949 மார்ச்சில் கும்பாபிஷேகம் நடந்தது. திருச்சி மலைக்கோட்டை தாயுமானவருக்கும் இதே பெயர்தான். அங்கே ஈசன் தாயானார், இங்கே தாய் ஈசனானார். அடுத்த ஆண்டு, 1950 ஏப்ரல் 14 அன்று ரமணரும் மறைந்தார்.

இன்று இது ஏன் முக்கியம்?

துறவிகள் அம்மாவுக்காக விதியைத் தளர்த்துவது நம் மரபுக்குப் புதிதல்ல. ஆதிசங்கரர், பட்டினத்தார் கதைகளிலும் துறந்த மகன் அம்மாவின் இறுதிக் கடனுக்கு வந்து நிற்கிறார். ரமணர் அதற்கும் முன்னால், உயிர் இருக்கும்போதே கூட இருந்தார்.

தீராத நோயில் இருப்பவர்களுக்கு உடல் வலி, மன வலியோடு ஆன்மிகத் தேவையையும் கவனிக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதைக் கேட்டதும் பெரிய வார்த்தைகள் பேச வேண்டுமோ என்று தோன்றும். ஐசியூ வாசலில், வீட்டுக் கட்டிலின் ஓரத்தில் என்ன சொல்வதென்று தெரியாமல் தவிக்கும் பிள்ளைகள் எத்தனையோ பேர். ஆயிரக்கணக்கானோருக்கு ஆறுதல் தந்த ரமணர், தன் அம்மாவுக்கு அன்று உபதேசம் எதுவும் செய்யவில்லை. பக்கத்தில் உட்கார்ந்தார், கை வைத்தார், கடைசிவரை எடுக்கவில்லை.