இந்தளூரில் ஊடிய கலியன்

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

கே.கே. நகரில் நாம் சிலர் கூடிப் பெரிய திருமொழி ஸேவிக்கையில், நான்காம் பத்தின் ஒன்பதாம் திருமொழி வந்தால் குரல்கள் சற்றே தயங்கும். எம்பெருமானிடம் இப்படியும் பேசலாமோ என்னும் அச்சமே காரணம்.

பேசியவர் எவர்? திருக்குறையலூரில் கார்த்திகையில் க்ருத்திகையில் அவதரித்த நீலர். சோழனுக்குப் படைத்தலைவராயிருந்து பரகாலன் என்று பேர்பெற்றவர். குமுதவல்லி நாச்சியாரைக் கைப்பிடிக்க, நாள்தோறும் 1008 ஸ்ரீவைஷ்ணவர்களை ஓராண்டு அமுது செய்விக்க இசைந்தார். கைப்பொருள் தீர்ந்தது, மன்னனுக்குரிய பணமும் அதிலே செலவாயிற்று, முடிவில் வழிப்பறிக்கும் துணிந்தார். திருமணங்கொல்லையில் மணவாளக் கோலத்தில் வந்த வயலாலி மணவாளனை மறித்து, வாளைக் காட்டித் திருவெட்டெழுத்தைப் பெற்ற சரிதம் யாவரும் அறிந்ததே.

அத்தகையவர் திவ்யதேச யாத்திரையில் மயிலாடுதுறையை ஒட்டிய திருவிந்தளூருக்கு எழுந்தருளினார். பரிமள ரங்கனை ஸேவிக்கும் ஆவலோடு விரைந்து வந்தவருக்குத் திருக்கதவம் அடைத்திருந்தது என்பது பெரியோர் சொல்லி வரும் ஐதிஹ்யம். ஆழ்வார் திரும்பிப் போகவில்லை, மௌனமாய்ப் பொறுத்திருக்கவுமில்லை. வாசலிலே நின்று வழக்குரைத்தார்.

உமக்கே அடிமை என்று ஊரறியத் திரிகின்ற எங்களுக்கு வடிவைக் காட்டாமல், உம்முடைய அழகை நீரே வைத்துக்கொண்டு நன்றாக வாழ்ந்து போம் என்று வாழ்த்துவதுபோலே இடித்துரைத்தார். நீராயும் தீயாயும் நிலமாயும் நிற்பது இருக்கட்டும், அதனை எங்கள் கண் காணவில்லையே என்றார். நல்லாரை அறிவீர், தீயாரை அறிவீர், எல்லாம் அறிவீர், எங்கள் மனத்துயர் ஒன்றை மாத்திரம் அறியீரோ என்றார். முன்னை யுகங்களில் பால்போல் வெளுத்தும் பொன்போல் ஒளிர்ந்தும் நின்ற திருமேனி இங்கே என்ன நிறம்? அதையாவது காட்டலாகாதோ? பல பாசுரங்களில் நீர் என்று மரியாதைப் பன்மையிலேயே பேசுகிறார். நெருங்கியவர் திடீரென்று மரியாதை கூட்டிப் பேசினால் அதன் பொருள் என்னவென்பது குடும்பம் நடத்தியவர்க்குத் தெரியும்.

பூர்வாசார்யர்கள் இதனை அபசாரமாகக் கொள்ளவில்லை. ப்ரணய ரோஷம் என்றே அனுபவித்தார்கள். வங்கியில் பணிபுரிந்த நாளில் நாம் கண்டதொன்று நினைவுக்கு வருகிறது. கவுண்டருக்கு முன் நின்று குரலுயர்த்திக் குறை சொல்பவர் மறுநாளும் வருவார். கணக்கை முடித்துக்கொண்டு போகிறவரோ ஒன்றும் பேசுவதில்லை. ஆழ்வார் கோபித்தபோதும், காண வேண்டும் என்பதைத் தவிர வேறொன்றும் கேட்கவில்லை என்பதையும் நோக்க வேண்டும். பொருள் இழந்து, பழி சுமந்து கைங்கர்யம் செய்தவர். அவற்றையெல்லாம் கணக்காக நீட்டவில்லை. நம்முடைய முறையீடுகளை இதனருகே வைத்துப் பார்க்க நமக்குக் கூச்சமாகவே இருக்கிறது. ஆயினும் அவற்றையும் அவனிடம்தானே சொல்ல வேண்டும்? வேறு எவரிடம் சொல்வது?

கதவு திறந்ததா, எம்பெருமான் என்ன மறுமொழி அருளினான் என்று அந்தத் திருமொழியில் ஆழ்வார் சொல்லவில்லை. ஊடலில் பிறந்த அம்மாலையைக் கற்பவர்க்கு அமரரும் வணங்கும் பெருமை உண்டென்று பத்தாம் பாசுரத்தில் பலன் சொல்லி முடிக்கிறார். அடுத்த திருமொழியில் திருவெள்ளியங்குடியில், அவனையே பாடிக்கொண்டு நிற்கிறார்.

திருமங்கையாழ்வார் திருவடிகளே சரணம்.