ஓட்ட வீராங்கனை ஸ்டெபி டிசூசா

தனியொருவர் ஈட்டிய வெற்றியை உலகம் எளிதில் மறப்பதில்லை. பலர் கூடி ஈட்டிய வெற்றியிலோ ஒவ்வொருவர் பெயரும் விரைவில் மங்கிவிடுகின்றது. இதற்குச் சான்றாய் நிற்பது ஸ்டெபி டிசூசா அம்மையாரின் வரலாறு. நம் நாட்டு மகளிர்க்கு ஓட்டக் களத்தில் வழிகாட்டியோருள் ஒருவரான அவரது வாழ்க்கையை ஈண்டுச் சுருங்கக் கூறுவோம்.

அம்மையார் 1936-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களிற் பிறந்தார். ஓட்டம், ஹாக்கி ஆகிய இரண்டிலும் ஒருங்கே தேர்ச்சி பெற்றார். பெண்மக்கள் ஆடுகளத்தில் இறங்குவது பெருவழக்காகாத காலம் அது. 1951-இல் ஆசிய விளையாட்டுப் போட்டி புது தில்லியில் முதன்முதல் நடைபெற்றபோது, மகளிர் தொடரோட்டத்தில் ஜப்பானியர் முதலிடம் பெற்றனர். நம்மவர் இரண்டாமிடம் பெற்றனர்.

மூன்றாண்டு கழிந்து, 1954 மே மாதம் மணிலா நகரில் இரண்டாம் போட்டி கூடியது. கிறிஸ்டின் பிரவுன், வயலட் பீட்டர்ஸ், மேரி டிசூசா ஆகியோருடன் நான்காமவராய் ஸ்டெபியும் சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது 17. நம்மில் பலரினும் இளையர்.

தொடரோட்டத்தின் நுட்பம் அறிந்தார்க்கே அவ்வெற்றியின் அருமை விளங்கும். நால்வரும் முறையே நூறு மீட்டர் ஓடிக் கையிலுள்ள கோலை அடுத்தவரிடம் சேர்ப்பிக்க வேண்டும். அக்காலத்து விதிப்படி கோல் கைமாறுதற்கு வகுத்த எல்லை 20 மீட்டரே. அவ்வெல்லைக்கு வெளியே கைமாறின் குழு முழுவதும் விலக்கப்படும். பெறுபவர் நின்று பெற்றால் காலம் வீணாகும். மிக விரைந்து புறப்பட்டாலோ கொடுப்பவர் எட்டமாட்டார். எனவே தேர்ந்தோர் திரும்பிப் பாராது, கையைப் பின்னே நீட்டியவாறே ஓடுவர். காலின் விரைவோடு தோழியின்பால் வைத்த நம்பிக்கையும் சேர்ந்தே இவ்வோட்டத்தை வெல்லும்.

நம் நால்வரும் 49.5 வினாடியில் ஓடி முடித்துப் பொற்பதக்கம் கொண்டனர். ஒருவர்க்குப் பங்கிட்டால் 12.4 வினாடியினும் சற்றுக் குறைவு. ஆசியப் போட்டிகளில் இந்திய மகளிர் பெற்ற முதற் பொற்பதக்கம் இஃதே.

1958-இல் டோக்கியோவில் அம்மையார் 200 மீட்டர் ஓட்டத்தில் வெள்ளிப் பதக்கம் பெற்றார். ஆயின் தொடரோட்டத்தில் நம் குழுவுக்கு வெண்கலமே கிட்டியது. தாம் உயர்ந்த ஆண்டிலேயே குழு தாழக் கண்டும் அவர் களத்தைவிட்டு அகலவில்லை. 1963-இல் அர்ஜுனா விருது அவரைத் தேடி வந்தது. தடகளத்தில் அவ்விருது பெற்ற முதற் பெண்மணி அவரே. மறு ஆண்டு டோக்கியோ ஒலிம்பிக்கில் மகளிர்க்கு 400 மீட்டர் ஓட்டம் முதன்முறையாகச் சேர்க்கப்பட்டபோது, அதில் நம் நாட்டின் சார்பில் ஓடினார். பதக்கம் கிட்டிற்றிலது, எனினும் புதிய வழியில் முதலடி வைத்த பெருமை அவரைச் சார்ந்தது. 1998-இல் அம்மையார் இவ்வுலக வாழ்வை நீத்தார்.

நிற்க. பிற்காலத்தில், நால்வர் நானூறு மீட்டர் வீதம் ஓடும் நெடுந் தொடரோட்டத்தில், 2002 முதல் 2018 வரை ஐந்து ஆசியப் போட்டிகளில் இடையறாது நம் மகளிர் பொன் வென்றனர். மணிலாவில் வென்ற குறுந் தொடரோட்டப் பொன்னோ மீண்டும் நம் கைக்கு வரவில்லை. அந்நால்வர் செயலின் அருமை இதனாலும் புலனாகும்.

ஹாரி குரோ பக் துரைமகனார் 1920-இல் சென்னையில் நிறுவி, பின்னர் நந்தனத்தில் நிலைபெற்ற ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி நம் நகரின் நடுவே உளது. அதன் பக்கமாய்த் தியாகராய நகருக்கும் அடையாற்றுக்கும் நாள்தோறும் செல்லும் நாம், ஓடுவோரைக் கண்டும் காணாதவராய்ப் போகின்றோம். கல்வியும் ஒரு தொடரோட்டமே. முன்னோர் ஓடிக் கொணர்ந்த கோல் இன்று நம் கையில் உளது. அதனைத் தவறவிடாது அடுத்தவர் கையிற் சேர்ப்பது நம் கடன். நம் பெயர் மறக்கப்படினும் ஓட்டம் தொடருமாயின் அதுவே போதும்.