வேலை போச்சு... குருவி பார்க்கப் புறப்பட்டார்!

பம்பாய், 1930-ம் வருஷம். ஜெர்மனியில் பறவை ஆராய்ச்சி படித்துவிட்டு ஊர் திரும்பிய சலீம் அலிக்கு ஒரு சேதி காத்திருந்தது. மியூசியத்தில் அவர் பார்த்த வேலை போச்சு! பணம் இல்லை என்று அந்தப் பதவியையே எடுத்துவிட்டார்கள்.

வயதோ முப்பதைத் தாண்டியாச்சு. கையில் காலேஜ் பட்டம் கிடையாது. வேறு ஆளாக இருந்தால் கிடைத்த குமாஸ்தா வேலையில் ஒட்டிக்கொண்டிருப்பார். இவர் மனைவி தெஹ்மினாவுடன் கிஹிம் என்ற கடலோரக் கிராமத்துக்குக் குடிபோனார். அங்கே தூக்கணாங்குருவிக் கூடுகளையே பார்த்துக்கொண்டு கிடந்தார்.

ஆண் குருவி கூட்டைப் பாதி கட்டுமாம். பெண் குருவி வந்து சோதனை போடும். பிடித்தால் குடியேறும். உடனே ஆண் அடுத்த கூடு கட்டி, அடுத்த ஜோடி தேடக் கிளம்பிவிடும்! இந்தக் குடும்ப ரகசியத்தை அம்பலப்படுத்தியவர் சலீம் அலி.

சம்பளம் வேண்டாம்

சலீம் அலி 1896-ல் பிறந்தவர். மூன்று வயதுக்குள் அப்பா, அம்மா இருவரும் போய்விட்டார்கள். மாமா வீட்டில்தான் வளர்ந்தார். சிறு வயதில் விளையாட்டுத் துப்பாக்கியால் ஒரு சிட்டுக்குருவியைச் சுட்டார். அதன் தொண்டையில் மஞ்சள் திட்டு. அது என்ன குருவி என்று கேட்கப் போனதில் பிடித்த பைத்தியம் கடைசி வரை விடவில்லை.

வேலை இல்லாத அந்த நாளில் சமஸ்தானங்களுக்கு ஒரு யோசனை சொன்னார். உங்கள் காட்டுப் பறவைகளைக் கணக்கெடுத்துத் தருகிறேன், சம்பளம் வேண்டாம், கூடாரச் செலவு மட்டும் போதும் என்றார். ஐதராபாத், திருவாங்கூர் என்று காடு காடாகச் சுற்றினார். தெஹ்மினாவும் கூடவே போனார்.

1939-ல் ஒரு சின்ன ஆபரேஷனுக்குப் பிறகு தெஹ்மினா இறந்துபோனார். சலீம் அலி மறுமணம் செய்துகொள்ளவில்லை. பயணத்தையும் விடவில்லை.

1945-ல் கட்ச் உப்புப் பாலைவனத்தில் பூநாரைகள் கூட்டம் கூட்டமாக முட்டையிடும் இடத்தைப் போய்ப் பார்த்தார். சுமார் 5 லட்சம் பறவைகள் என்று கணக்குப் போட்டார். அதே வருஷம் கைலாசம், மானசரோவர் வரை போய் வந்தார். சாமி கும்பிட அல்ல, பறவை பார்க்க!

மோட்டார் சைக்கிள் என்றால் அவருக்கு உயிர். 1950-ல் சுவீடனில் நடந்த பறவை மாநாட்டுக்குத் தன் சன்பீம் வண்டியைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு போனார். ஜெர்மனியில் கல் பாவிய ரோட்டில் பல தடவை விழுந்து எழுந்து, மாநாடு தொடங்கும் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தார். இந்தியாவிலிருந்தே ஓட்டி வந்துவிட்டார் என்று அங்கே வதந்தி பரவியது.

1976-ல் 50 ஆயிரம் டாலர் பரிசு வந்தது. அதையும் பறவைகளுக்கே கொடுத்துவிட்டார்.

கிடைக்காத காடை

அரிய ஃபின் தூக்கணாங்குருவியை இமயமலை அடிவாரத்தில் தேடிக் கண்டுபிடித்தவர் அவர். மலைக்காடை மட்டும் டிமிக்கி கொடுத்துவிட்டது. 1876-க்குப் பிறகு யார் கண்ணிலும் படாத பறவை அது. தேடிப் போனார், கிடைக்கவில்லை.

1987 ஜூன் 20-ல், 90 வயதில் சலீம் அலி காலமானார். அந்தக் காடையைப் பார்த்தேன் என்று ஆதாரத்தோடு சொல்ல இன்னும் ஆள் வரவில்லை.